அஜுதானுக்கு நான் கொடுத்த அக்கா

எங்கள் புதுச்சேரிக் குடும்பங்களில் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவரைச் ‘சொல்தா’ என்போம். அப்பா சொல்தா. பெரியப்பா சொல்தா. அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள் சொல்தா வீட்டுப் பெண்கள். ஒரு பெண்ணே சொல்தாவாக இருந்தால் அவளை என்னவென்று சொல்வது? அதற்கு எங்களிடம் வார்த்தை இருக்கவில்லை. எண்பதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், மின்னணுவியல் பட்டயத்தோடு நான் பிரெஞ்சு ராணுவத்தின் தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்தேன். ரேடியோ கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. ஓராண்டில் கப்போரால் ஆனேன். சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு படி மேல். பாரிசில், லா ஷப்பல் பகுதியில் எங்களைத் தெரிந்தவர்களிடம் அம்மா சொன்னது வேறு.

"டெலிபோன் ஆபீசுல இருக்கறா."

முழுப் பொய் இல்லை என்பது அம்மாவின் வாதம். ரேடியோவும் பேசத்தானே செய்கிறது.

அம்மா இப்படிச் சொன்னதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது மாப்பிள்ளை. ஆம்பளைகளோடு முகாமில் இருக்கிற பெண்ணை எந்த வீட்டில் கேட்பார்கள்? இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்று பேசும் பெண்கள். மூன்றாவது காரணம் மட்டும் எனக்கும் நியாயமாகப் பட்டது. அப்போது லா ஷப்பலில் யாழ்ப்பாணத்துச் சனங்கள் வாராவாரம் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவர்கள் பேச்சில் ‘ஆமி’ என்ற சொல் வரும்போது குரல் இறங்கும். ஆமி என்றால் அவர்களுக்கு வீட்டைக் கொளுத்தியவன், அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவன். அவர்கள் நடுவில் நான் சீருடையோடு போய் நிற்பது எப்படி? ஆகவே வெள்ளிக்கிழமைகளில் கார் து நோர் ரயில் நிலையக் கழிப்பறையில் உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். தொப்பி பைக்கு அடியில், சட்டை அதற்கு மேல், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கம்பளிச் சட்டை. இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

எங்கள் பணிமனையில் பதினாறு பேர். பெண்கள் இருவர், நானும் எங்கள் அஜுதானும். அஜுதான் என்பது அதிகாரிக்குக் கீழே, சர்ஜான்களுக்கு மேலே உள்ள பதவி. வேலை நடப்பதும் நின்று போவதும் அந்த ஆள் கையில்தான். எங்கள் அஜுதானுக்கு நாற்பது வயதிருக்கும். உயரம் குறைவு, நகங்கள் ஒட்ட வெட்டியிருக்கும். ஒரு கருவியின் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் அதை இருபக்கமும் தட்டிக் கேட்பார், சந்தையில் முலாம்பழம் வாங்குகிற மாதிரி. அவர் கைப்பட்டுத் திரும்பவும் பழுதாகி வந்த கருவியை நான் பார்த்ததில்லை. நான் வந்த முதல் வாரத்தில் ஒரு சர்ஜான், "சின்னப் பொண்ணு, பாரம் தூக்க மாட்டா" என்று என் மேசைக்கு வந்த பெரிய கருவியை எடுத்துப் போகப் பார்த்தான். அஜுதான் தலை நிமிராமலே சொன்னார்: "அதை வை. அது முப்பது கிலோ. போன வருடம் நீயும் ரெண்டு பேர் உதவியோடுதான் தூக்கினாய்." சர்ஜான் வைத்துவிட்டுப் போனான். நானும் இரண்டு பேர் உதவியோடு தூக்கினேன்.

பிரெஞ்சுப் படையில் மேலதிகாரியை அழைக்கும்போது பதவிக்கு முன்னால் ‘மோன்’ சேர்ப்பார்கள். மோன் அஜுதான், மோன் கப்பித்தேன். ‘என்’ என்று அர்த்தம். பெண்ணாக இருந்தால் மோன் கிடையாது, வெறும் அஜுதான். இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஒப்பவில்லை. "அது மரியாத கொறச்சலாச்சே" என்றார். பணிமனைக்குப் புதிதாக வந்த ஒரு குறும்புக்காரன் அவரைச் சீண்டுவதற்காக வேண்டுமென்றே இழுத்து, "மோ...ன் அஜுதான்" என்று கூப்பிட்டான். நாலு பேர் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அஜுதான் திருகாணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

"உன்னுடையவள் இல்லையப்பா. அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறாள். கார் து நோரில் டிக்கெட் கொடுக்கிறாள்."

சிரித்தார்கள், ஆனால் அவனைப் பார்த்து. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது, அஜுதான் இன்னொரு பெண்ணோடு வாழ்கிறார் என்று. பணிமனையில் எனக்கு மட்டும்தான் அதுவரை தெரியாமல் இருந்தது. மற்றவர்கள் தங்கள் மனைவிகளைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் அவரும் பேசினார். இரண்டு பேரும் சேர்ந்து சமையலறைக்கு வர்ணம் அடித்தது, அவளுடைய அம்மா வந்து பத்து நாள் தங்கி எல்லாச் சட்டிகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனது. குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவும் இல்லை. சட்டம் அவரைத் தடுக்கவில்லை. காப்பாற்றும் என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை. மேலதிகாரி நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயமாக அது இருந்தது. அவர் பேசும்போதெல்லாம் நான் கதவைப் பார்த்துக்கொள்வேன். அவர் பார்க்க மாட்டார்.

ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் வழக்கமாகப் போகும் யாழ்ப்பாணத்துக் கடையில் நின்றோம். ஒடுங்கிய கடை. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஆள்தான் போகலாம். கடையை நடத்துகிற அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், வாய் ஓயாது. கதவு திறந்தது. அஜுதான், அவருக்குப் பின்னால் நல்ல உயரமாக, நரைத்த தலையை ஒட்ட வெட்டிய ஒரு பெண்.

"போன்ழூர், கப்போரால்!" என்றார் அஜுதான்.

அம்மா கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டு கீழே விழுந்தது.

"என்ன பிள்ளை, உம்மைக் கப்போரால் எண்டு கூப்பிடுறா? அதென்ன பேர்?" என்றாள் கடைக்கார அக்கா.

"அது செல்லப் பேரும்மா," என்று அம்மா முந்திக்கொண்டாள். "ஆபீசுல எல்லாருக்கும் ஒரு பேரு வச்சிருக்காங்க."

"ஓ. வடிவான பேர்தான். என்ர மூத்தவளுக்கு வைக்காமல் விட்டிட்டனே."

அஜுதான் அம்மாவிடம் கை நீட்டினார். பிறகு பக்கத்தில் நின்றவரைக் காட்டி, "மா கொம்பாஞ்" என்றார். என் துணைவி. தெளிவாக, ஒரு தடவை. சொல்தா வீட்டில் முப்பது வருடம் இருந்த அம்மாவுக்குப் பிரெஞ்சு போதுமான அளவு தெரியும். கை கொடுத்தாள். கண் மட்டும் என்னைப் பார்த்தது.

கடைக்கார அக்காவுக்குப் பிரெஞ்சு இன்னும் வரவில்லை. "ஆர் பிள்ளை இவை?"

"எங்க ஆபீசுல பெரியவங்க, அக்கா."

"மற்றவ?"

ஒரு கணம்தான் யோசித்தேன். "அவங்களோட அக்கா."

"சகோதரங்களோ? முகம் ஒரு துளியும் ஒத்துவரேல்லையே!"

"சில வீட்ல அப்புடித்தாம்மா," என்றாள் அம்மா. நான் வீட்டுப்பாடத்தைச் சரியாக ஒப்பித்தது போல என் முதுகில் மெதுவாகத் தட்டினாள்.

"என்ன கேட்கிறார்?" என்றார் அஜுதான்.

"கறிவேப்பிலை வேண்டுமா என்று," என்றேன்.

எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. நாங்கள் ஆட்களை அப்படித்தான் அறிமுகம் செய்வோம். பேரும் தெரியாத பெண் அக்கா, அவளுடைய புருஷன் அண்ணன், அவளுடைய தாய் அம்மா. யாரையும் வெறுமனே நிற்க விடமாட்டோம், உடனே ஒரு உறவில் உட்கார வைத்துவிடுவோம். அவர்கள் இரண்டு பேருக்கும் நான் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்ததாகவே நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பாதுகாப்பு விசாரணைக்கு ஒரு கொமாந்தான், மேஜர் நிலை அதிகாரி, வந்தார். எங்கள் பணிமனையில் ரகசியக் கருவிகள் இருந்தன. உள்ளே ஒரு பூட்டிய அறை உண்டு. அங்கே வேலை செய்ய ரகசிய அனுமதி வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பார்கள். அந்த முறை அஜுதானுடையது. கூட வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். குடிப்பாரா, கடன் உண்டா, வெளிநாட்டு நண்பர்கள் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. பிறகு கேட்டார்:

"முகாமுக்கு வெளியே அவரைச் சந்தித்திருக்கிறீர்களா?"

"ஒருமுறை, மோன் கொமாந்தான். லா ஷப்பலில், ஒரு கடையில்."

"தனியாகவா?"

"இன்னொரு பெண்மணியோடு."

"அவரை யாரென்று அறிமுகம் செய்தார்?"

பணிமனையில் பதினாறு பேருக்குத் தெரிந்திருப்பது வேறு. ஒரு கொமாந்தானுடைய தாளில் ஏறுவது வேறு. அப்படி நினைத்தேன். என்னால் அந்தத் தாளில் ஏறக்கூடாது.

"அக்கா என்று," என்றேன்.

எழுதிக்கொண்டார். பேனா ஒரு விநாடி நின்று மறுபடி ஓடியது. நான் வெளியே வந்து என் மேசையில் உட்கார்ந்து, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு இரண்டு கருவிகளைச் சரி செய்தேன்.

பத்து நாளில் அஜுதானிடமிருந்து உள்ளறைச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தற்காலிகமாகத் துணிக் கிடங்குக்குப் போகச் சொன்னார்கள். காலணி, சாக்கு, போர்வை. இரண்டு வாரத்தில் குழு கூடி முடிவு சொல்லும். அனுமதி போனால் தொலைத்தொடர்புப் பிரிவில் அவருக்கு வேலையே இல்லை. பதினெட்டு வருடம் ரேடியோவைத் தவிர வேறு எதையும் தொடாத கை. போர்வைகளை மடிக்க வேண்டும், அல்லது படையை விட்டுப் போக வேண்டும்.

அன்று மதியம் கிடங்குக்கு என்னைக் கூப்பிட்டார். போர்வை மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு வாக்கியத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள்," என்றார். "‘வெளியிடங்களில் தன் துணைவியைத் தன் அக்கா என்று அறிமுகம் செய்கிறார்.’ லா ஷப்பலில் என்னை யார் பார்த்தது என்று யோசித்தேன். ஒருவர்தான் பார்த்திருக்கிறார்."

"உங்களைக் காப்பாற்றுவதற்காக..."

"யார் கேட்டது?"

அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முன்னொரு முகாமில் ஆறு வருடம் அவர் மறைத்து வாழ்ந்திருக்கிறார். துணைவியை மாமன் மகள் என்று சொல்லிக்கொண்டு. அங்கே ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள், சோதிக்காத கருவியைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னான். இல்லாவிட்டால் எல்லோரிடமும் சொல்வேன் என்றான். அவர் போடவில்லை. நேராகப் பாதுகாப்பு அதிகாரியிடம் போய், தானே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: நான் இன்னாரோடு வாழ்கிறேன், அவர் என் துணைவி, இது என் வீட்டாருக்கும் தெரியும், வேலை செய்யும் இடத்துக்கும் தெரியும்.

"அந்த ஒரு தாள்தான் என் பாதுகாப்பு," என்றார். "அப்படி வாழ்கிற ஆளைப் பார்த்து இவர்களுக்குப் பயமில்லை. மறைத்து வாழ்கிற ஆளைப் பார்த்துத்தான் பயம். மறைக்கிறவரை யாரும் மிரட்டலாம். மறைக்க ஒன்றுமில்லாதவளை என்ன சொல்லி மிரட்டுவார்கள்? அவள் இனி யாருக்கும் மாமன் மகளாக இருக்கக்கூடாது என்று நான் பட்ட பாட்டை, நீங்கள் மூன்று நிமிடத்தில் அக்காவாக்கி முடித்துவிட்டீர்கள்."

போர்வைகளின் நாப்தலின் வாடை மூக்கில் ஏறியது. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அதைக் கொண்டு நான் என்ன செய்வது, கப்போரால்?" என்றார். கோபமாக அல்ல. உண்மையாகவே கேட்டார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"போயி மாத்திச் சொன்னா இன்னா ஆவும்?" என்றார்.

"விசாரணையில பொய் சொன்னேன்னு ஆவும். என் அனுமதியும் போகலாம்."

"அப்ப வாயத் தொறக்காத. கேட்டதுக்கு மேல சொல்தா பேசக் கூடாது. நான் இருவத்தஞ்சு வருசம் அப்புடித்தான் ஓட்டுனேன்."

"நல்லதுக்குத்தானேடி சொன்ன," என்றாள் அம்மா. "அவுங்க புரிஞ்சிக்கினு போவட்டும். ஒரு பொம்பளையப் பத்தி அப்புடிப் போயி ஆபீசர்கிட்ட எப்புடிச் சொல்லுவ? வாய் கூசாது?"

"அவங்களே சொல்லிட்டாங்கம்மா. கையெழுத்துப் போட்டு."

அம்மா காப்பிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். "சரியான தகிரியக்காரிதான்," என்றாள். அதைத் திட்டாகச் சொல்லத்தான் ஆரம்பித்திருப்பாள் என்று நினைக்கிறேன். வெளியே வரும்போது அப்படி வரவில்லை.

நான் ஒரு தாளில் எழுதினேன். ஒன்று, அன்று கடையில் நான் பார்த்தது. இரண்டு, அஜுதான் சொன்ன சொல். மூன்று, நான் சொன்ன சொல். நான்கு, அந்தச் சொல்லை யாருடைய வாயில் வைத்தேன் என்பது. நான்காவதை எழுதும்போதுதான் தவறின் முழு அளவு தெரிந்தது. நான் வெறும் பொய் சொல்லியிருக்கவில்லை. என் பொய்யை அவர் வாயில் வைத்திருந்தேன்.

கொமாந்தான் தாளை இரண்டு முறை வாசித்தார்.

"ஏன் அக்கா?" என்றார்.

"எங்கள் மொழியில் யாரையும் உறவு சொல்லாமல் அறிமுகம் செய்வது அழகில்லை, மோன் கொமாந்தான்."

"அப்படியானால் நான் உங்களுக்கு யார்?"

"உங்கள் வயதுக்கு... சித்தப்பா."

அவர் சிரிக்கவில்லை. மேசையின் ஓரத்தைப் பார்த்தார். அதுதான் அவருடைய சிரிப்பு என்று பிறகு தெரிந்தது. "அன்று நீங்கள் அஜுதான் சொன்னதைச் சொல்லவில்லை. கடைக்காரியிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னீர்கள். கடைக்காரியிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை?"

"அவருக்கு... சங்கடமாக இருக்கும் என்று."

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அந்தக் கடைக்காரிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்கள் தெருவில்?"

"டெலிபோன் அலுவலகம் என்று நினைக்கிறார்கள்."

பேனாவை மூடி வைத்தார். "அஜுதானுடைய கோப்பில் மறைத்து வாழ்கிற ஆள் யாரும் இல்லை என்று இப்போது சொல்கிறீர்கள். நான் நம்பத் தயார். ஆனால் மறைத்து வாழ்கிற ஆள் ஒருவர் என் எதிரிலே உட்கார்ந்திருக்கிறார். அப்படிப்பட்டவருடைய சாட்சியத்துக்கு என்ன எடை போடுவது? நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து, ‘உன் தெருவில் சொல்லிவிடுவேன்’ என்றால்?"

யாரும் மிரட்டாமலே நான் ஒரு வருடமாக மிரண்டுகொண்டிருந்தேன்.

"உங்கள் மளிகைக் கடையில் என்ன பேசுவது என்று நான் உத்தரவு போட முடியாது," என்றார். "குழு அடுத்த வியாழக்கிழமை கூடுகிறது. அதற்கு முன், திங்கள்கிழமை உங்களை மறுபடி பார்ப்பேன்."

சனிக்கிழமை தனியாகப் போனேன். சீருடை போட்டுக்கொள்ளவில்லை. அந்த மக்கள் முன்னால் அந்தத் துணியைக் காட்டுவது தைரியமாக இருக்காது, கொடுமையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்திருந்தேன். வாயால் சொல்வதுதான் முறை. கடையில் இன்னும் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அவர்கள் போவதற்காகக் காத்திருப்பதும் அதே பழைய வியாதிதான் என்று தோன்றியது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் டெலிபோன் ஆபீசுல இல்ல. ஆமியில இருக்கேன்."

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் கை நின்றது. கடைக்கார அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"எந்த ஆமி?"

"பிரெஞ்சு ஆமி."

"துவக்கு வச்சிருக்கிறீரோ?"

"துப்பாக்கி பயிற்சிக்கு மட்டும். என் வேலை ரேடியோ திருத்தறது."

அவள் உடனே ஒன்றும் பேசவில்லை. அந்தக் கடையில் அவள் பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "எங்கட வீட்டுக்கு வந்தவங்களும் உடுப்புப் போட்டவங்கள்தான்," என்றாள் கடைசியில். "உம்மைக் கண்டால் எனக்கு அது ஞாபகம் வரும் எண்டு நினைச்சு மறைச்சனீரோ?"

"ஆமாம் அக்கா."

"ஞாபகம் வரத்தான் செய்யும். அதுக்கு நீர் என்ன செய்யிறது." தராசைத் துணியால் துடைத்தாள். "கொம்மாவும் நல்லாத்தான் நடிச்சவ. கப்போரால் செல்லப் பேராம்!"

கத்தரிக்காய்க்காரி முதலில் சிரித்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு வந்தாங்களே, அவங்க அக்கா தங்கச்சி இல்ல."

"அதைத்தானே நானும் சொன்னனான், முகம் ஒத்துவரேல்லை எண்டு! அப்ப ஆர்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து வாழறாங்க. புருஷன் பெண்சாதி மாதிரி."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதை ஆமியில விடுறாங்களோ?" என்றாள் கத்தரிக்காய்க்காரி.

"விடலாமான்னுதான் இப்ப பேசிக்கிட்டு இருக்காங்க. அவங்க ரொம்ப நல்ல வேலைக்காரி."

"கூடாத பழக்கம்," என்றாள் மூன்றாவது பெண், கூடையை எடுத்துக்கொண்டே. "சாமி பொறுக்காது."

"உமக்குச் சாமி வந்து சொன்னவரோ?" என்றாள் கடைக்கார அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கும் விளங்கேல்லைத்தான். ஆனால் ஒண்டு கேக்கிறன். அந்த வீட்டில ஆர் சமைக்கிறது?"

"ரெண்டு பேரும்தான். மாறி மாறி."

"பாத்தியளே!" என்றாள் மற்றவர்களைப் பார்த்து. "எங்கட வீட்டில மாறி மாறிச் சமைக்கிறது நானும் நானும்தான்."

மூன்றாவது பெண் சிரிக்காமல் போனாள். அந்த வாரத்துக்குள் என் வேலை புறநகரான லெ பிளாங்-மெனில் வரைக்கும் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் கோவில் வாசலில் இரண்டு பேர் பேசவில்லை. ஒரு கிழவர் மட்டும் வந்து, அவருடைய பேத்தியும் சேரலாமா, என்ன படித்திருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

திங்கள்கிழமை கொமாந்தானிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், ‘சாமி பொறுக்காது’ உட்பட. பழைய வாக்குமூலத்தை ரத்து செய்து புதிதாக ஒன்றில் கையெழுத்து வாங்கினார். எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது; அடுத்த பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. அது சரியான கணக்கு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை போயிற்று. வெள்ளிக்கிழமை போயிற்று. அஜுதான் கிடங்கில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்த மேசையைக் கடந்து வேறு மேசைக்குப் போனார். உள்ளறையில் பழுதான ஒரு கருவி அவர் கைக்காகக் காத்துக் கிடந்தது. சர்ஜான் மூன்று தடவை திறந்து மூன்று தடவை மூடினான். "அவங்க இல்லாம இது நடக்காது," என்று சொன்னவன் அவன்தான். அந்த முப்பது கிலோக்காரன்.

செவ்வாய்க்கிழமை மதியம், நாங்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது எழுத்தர் வந்து அஜுதான் கையில் ஒரு உறையைக் கொடுத்தான். வரிசை அப்படியே நின்றது. அவர் பிரித்து வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு நடைவழிச் சுவரில் இருந்த தொலைபேசியை நோக்கிப் போனார். அது வரிசையிலிருந்து நாலு அடி. அவர் அலுவலகத்துத் தொலைபேசியை உபயோகித்திருக்கலாம், கதவை மூடியிருக்கலாம்.

எண்ணைச் சுற்றினார். யாரோ எடுத்தார்கள், டிக்கெட் கவுண்டரிலிருந்து அவளைக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். முப்பது பேர் தட்டுகளை ஏந்திக்கொண்டு நின்றோம்.

"நான்தான்," என்றார், எல்லோருக்கும் கேட்கிற தன் வழக்கமான குரலில். "கொடுத்துவிட்டார்கள். நாளைக்கே உள்ளறைக்குப் போகிறேன்." மறுமுனையில் பேசுவதைக் கேட்டார். "இல்லை, அழவில்லை. நீ அழாதே, எதிரில் ஆட்கள் டிக்கெட்டுக்கு நிற்பார்கள்." மறுபடி கேட்டார். வரிசையில் யாரோ கரண்டியைத் தவறவிட்டான். எடுக்கக் குனியவும் இல்லை. "ஆமாம்," என்றார் அஜுதான். "நானும்தான். ரொம்ப."

வைத்துவிட்டுத் திரும்பினார். முப்பது பேரும் சட்டென்று தட்டைப் பார்த்தோம். அவர் நடந்து வந்து எனக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டார்.

"நகருங்கள், கப்போரால்," என்றார். "பசிக்கிறது."